தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா: பயிற்சியில் என்ன வித்தியாசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராத்தேயோ குங்ஃபூவோ சில வருடம் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் சீனாவின் ‘உள்முறை’ கலைகள், அதாவது தசைபலத்தைவிடத் தளர்வையும் உடம்பின் ஒருங்கிணைப்பையும் நம்பும் போர்க்கலைகள், மேல் ஆசை வரும். தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா, இவற்றோடு கடைக்குட்டியாக யீச்சுவான். இவற்றின் தத்துவத்தை ஒப்பிட்டு யின், யாங், ஐம்பூதம், எட்டுத் திசை என்று பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. வகுப்புக்குப் போகிறவர் அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

இந்தக் கலைகளை ஏன் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள்?

முக்கியக் காரணம், இவற்றைக் கற்றவர்கள் ஒருவருக்கொருவர் நண்பர்களாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெய்ஜிங், தியான்ஜின் பக்கம் பாகுவா ஆசிரியர் செங் திங்ஹுவாவும் ஷிங்யி ஆசிரியர் லி சுன்யியும் மாணவர்களைப் பகிர்ந்துகொண்டார்கள். 1894இல் இவர்களும் இன்னும் சிலரும் கூடி, தங்கள் கலைகளை ஒரே குடும்பமாகக் கருதுவது என்று முடிவெடுத்ததாக அந்தப் பரம்பரைகளில் சொல்லப்படுகிறது. அந்தக் கருத்தை ஊரறியச் செய்தவர் சுன் லுதாங் (1860–1933). ஷிங்யியைக் குவோ யுன்ஷென்னிடமும், பாகுவாவைச் செங் திங்ஹுவாவிடமும், பின்னாளில் தாய்ச்சியை ஹாவ் வெய்ஜென்னிடமும் கற்று, 1915 தொடங்கி மூன்றைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார்.

‘உள்முறை, வெளிமுறை’ என்ற பிரிவினை அதைவிடப் பழையது. 1669இல் அறிஞர் ஹுவாங் சோங்ஷி எழுதிய ஒரு கல்லறை வாசகத்தில் வருகிறது. ஆனால் அவர் சொன்ன கலைக்கும் இன்றைய தாய்ச்சிக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. 1928இல் நான்ஜிங்கில் அரசின் போர்க்கலை நிறுவனமான மத்திய குவோஷு கழகம் தொடங்கியபோது இந்தப் பிரிவினையை அரசாங்க அளவிலேயே கொண்டுவந்தார்கள். உடாங் பிரிவில் உள்முறைக் கலைகள், ஷாவ்லின் பிரிவில் மற்றவை. இரண்டு பக்கத்து ஆட்களும் மோதிக்கொள்ள, கொஞ்ச நாளிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

சரி, பயிற்சியில் பொதுவாக இருப்பது என்ன?

தோளும் இடுப்பும், முழங்கையும் முழங்காலும், கையும் பாதமும் சேர்ந்தே கிளம்ப வேண்டும், சேர்ந்தே நிற்க வேண்டும். இதைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை. அடி கையிலிருந்து வராமல் தரையிலிருந்து கால், இடுப்பு, முதுகு வழியாக வர வேண்டும். தேவையில்லாத இறுக்கம் எங்கே இருந்தாலும் அந்த வழி அடைபடும். அதனால்தான் எல்லோரும் ‘தளர்த்து, தளர்த்து’ என்று நச்சரிக்கிறார்கள்.

பிறகு, நிற்பது. எந்தப் பரம்பரையாக இருந்தாலும் அசையாமல் நிற்கும் பயிற்சி ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். புதிதாக வருகிறவர்களை முதலில் வகுப்பை விட்டே ஓட வைப்பதும் அதுதான்.

தாய்ச்சி வகுப்பில் என்ன நடக்கும்?

எந்தத் தாய்ச்சி என்று முதலில் கேட்க வேண்டும். பிரிவுகளுக்குள்ளேயே வித்தியாசம் அவ்வளவு பெரியது.

ஹெனான் மாநிலத்துச் சென்ஜியாகோ கிராமத்தின் சென் பிரிவில் வகுப்பு பெரும்பாலும் நிற்பதில் தொடங்கும். அடுத்து, ஒரே ஒரு கையை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் எளிய பயிற்சிகள். பட்டு நூல் இழுப்பது என்று அவற்றுக்குப் பெயர். பார்ப்பதற்குக் கை சுற்றுவதுபோல இருக்கும். உண்மையில் சுற்றுவது இடுப்பு, கை அதன் பின்னால் போகிறது. அப்புறம்தான் ‘பழைய சட்டகம், முதல் வரிசை’ எனப்படும் நீளமான ஃபார்ம், அதாவது வரிசையாகக் கோத்துத் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர், கராத்தேக்காரர்கள் கட்டா என்பது. எழுபதுக்கு மேற்பட்ட அசைவுகள். மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒரு குத்தோ தரையில் ஒரு உதையோ வெடிக்கும். வெகு காலம் கழித்து, குதிப்பும் வேகமும் நிறைந்த இரண்டாம் வரிசையைத் தருவார்கள். ‘பீரங்கிக் குத்து’ என்ற அதன் பெயரைக் கேட்டாலே தெரியும், பூங்காவில் நாம் பார்க்கும் தாய்ச்சி இல்லை இது என்று.

அந்தப் பூங்காத் தாய்ச்சி பெரும்பாலும் யாங் பிரிவு. யாங் லுசான் (1799–1872) சென் கிராமத்தில் கற்று பெய்ஜிங்கில் மஞ்சுப் பிரபுக்களுக்குக் கற்பித்தார். அவர் பேரன் யாங் செங்ஃபு (1883–1936) காலத்தில் வெடிப்புகள் மறைந்து, அகலமான, ஒரே வேகத்தில் ஓடும் ஃபார்ம் நிலைபெற்றது. பெய்ஜிங் மக்கள் அதற்கே பழகியிருந்த வேளையில், 1928இல் கிராமத்திலிருந்து சென் ஃபாகெ வந்து தரை அதிரக் காட்டியபோது ‘இதுவும் தாய்ச்சியா’ என்று சிலர் சந்தேகப்பட்டார்களாம். வூ பிரிவில் உடம்பு லேசாக முன்சாய்ந்து அசைவுகள் சிறுத்துப் போகும். சுன் லுதாங்கின் பிரிவில் நிலை உயரமானது, முன்கால் போனதும் பின்கால் கூடவே வந்து சேரும். ஷிங்யியில் கற்ற நடையை அவர் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

தனி ஆட்டம் பாதிதான். மீதிப் பாதி புஷ் ஹேண்ட்ஸ். இரண்டு பேர் முன்கையை ஒட்டிக்கொண்டு, ஒருவர் தள்ள மற்றவர் அதை ஏற்றுத் திருப்புவது. முதலில் நின்ற இடத்தில் ஒற்றைக் கை, பிறகு இரண்டு கை, பிறகு நடந்துகொண்டே, கடைசியில் எந்த வரிசையும் இல்லாமல். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது, அடுத்து எங்கே தள்ளப்போகிறார் என்பதைத் தோலாலேயே தெரிந்துகொள்ளும் பழக்கம் இதில்தான் வரும். வருடக்கணக்கில் ஃபார்ம் மட்டும் சொல்லிக்கொடுத்து, இன்னொரு மனிதரைத் தொடவே விடாத வகுப்பு உடற்பயிற்சியாக நல்லதுதான். போர்க்கலைப் பயிற்சி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷிங்யி?

இதற்கு நேர் எதிர். மனப்பாடம் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் சான்தி நிலை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, எடையின் பெரும்பகுதி பின்காலில், முன்கை மார்பு உயரத்தில் நீண்டிருக்க, பின்கை வயிற்றருகே. அப்படியே நிற்க வேண்டும். இதையே மாதக்கணக்கில் தந்த ஆசிரியர்கள் உண்டு. பிறகு ஐந்து குத்துகள்: மேலிருந்து பிளப்பது, கீழிருந்து துளைத்து ஏறுவது, நேராகப் பாய்வது, ஒரு கை தடுக்க மறுகை வெடிப்பது, குறுக்காகத் திருகுவது. வழக்கமான வரிசையில் பி, ட்சுவான், பெங், பாவ், ஹெங். உலோகம், நீர், மரம், நெருப்பு, மண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதம் சொல்வார்கள். பயிற்சியில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

ஒரு குத்தை எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் மைதானத்தின் அந்தக் கோடி வரை அடித்துக்கொண்டே போவது, திரும்புவது, மறுபடி வருவது. அவ்வளவுதான் வகுப்பு. அரை மணியில் கற்றுக்கொள்ளலாம், சரியாக வருவதற்கு வருடங்கள் ஆகும். முன்கால் பாய்ந்ததும் பின்கால் இழுபட்டு வந்து ஊன்றும் அந்தக் கணமும் குத்து முடியும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கை முந்தினால் வெறும் தோள்பலம், கால் முந்தினால் அடி செத்துவிடும். ஐந்தும் படிந்த பிறகு பன்னிரண்டு விலங்கு வடிவங்கள், ஐந்தையும் கோக்கும் ஒரு சிறிய தொடர், இருவர் மாறி மாறி அடித்துத் தடுக்கும் தொடர்கள்.

குவோ யுன்ஷென் சிறையில் காலில் விலங்கோடு அரை அடி மட்டுமே நகர முடிந்த நிலையில் பெங் குத்தையே பழகி, அதை வைத்தே எல்லோரையும் வென்றார் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான். ஆனால் ஷிங்யிக்காரர்கள் எதைப் பெருமையாக நினைக்கிறார்கள் என்று அதில் தெரிகிறது: நிறையத் தெரிந்திருப்பதை அல்ல.

பாகுவாவில் ஏன் வட்டமாகவே சுற்றுகிறார்கள்?

வட்டத்தின் நடுவில் எதிராளி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டுக்கும் முதுகுப் பக்கத்துக்கும் போய்ச் சேர்வதுதான் பாகுவாவின் குறிக்கோள். அதற்கான கால்களை வட்டநடை உருவாக்குகிறது.

வழக்கமாக ஒரு சுற்றுக்கு எட்டு அடி. பாதம் தரையை ஒட்டியே வழுக்கிப் போகும். சேற்றில் நடப்பது என்று இந்த நடையைச் சொல்வார்கள். தலை மேலும் கீழும் ஆடக் கூடாது. கால்கள் வட்டத்தில் போக, இடுப்பும் மார்பும் கைகளும் மையத்தை நோக்கித் திருகியிருக்கும். இந்த முறுக்கோடு கால் மணி நேரம் நடந்து பாருங்கள், ஷிங்யியில் நிற்பதைவிட இது சுலபம் என்று நினைத்தவர்கள் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் கைகளை ஏதாவது ஒரு வடிவத்தில் பூட்டிவைத்து நடக்க மட்டுமே விடுவார்கள். எட்டு வடிவங்கள், இரண்டு திசைகள். நிற்கும் பயிற்சியை நடந்துகொண்டே செய்வது என்று இதைச் சொல்லலாம்.

அடுத்தது திசை மாற்றம். ஒரு பாதத்தை உள்ளே வளைத்து வைத்து, மறு பாதத்தை வெளியே திறந்து உடம்பைத் திருப்புவது. ‘ஒற்றைக் கை மாற்றம்’ எனப்படும் அந்தச் சின்ன அசைவுக்குள் முழுக் கலையும் அடங்கியிருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்வது மிகையில்லை. அந்த இரண்டு அடிகளில் எதிராளியின் காலுக்குப் பின்னால் உங்கள் கால் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு அவரை வீழ்த்தப் பெரிய பலம் வேண்டாம்.

பாகுவாவில் ஒரு ஆசிரியர் காட்டுவதும் இன்னொருவர் காட்டுவதும் ஒரே கலைதானா என்று குழப்பம் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் பரப்பிய தோங் ஹைசுவான் (இறப்பு 1882) ஏற்கெனவே வேறு ஏதாவது கலையில் தேர்ந்தவர்களையே பெரும்பாலும் சேர்த்துக்கொண்டார். அவர் மாணவர் யின் ஃபு லோஹன் என்ற ஷாவ்லின் வழி முறை தெரிந்தவர், அவர் பரம்பரையில் விரல்களால் குத்துவதும் அடிப்பதும் அதிகம். செங் திங்ஹுவா மல்யுத்தக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் ‘கண்ணாடி செங்’ என்று பெயர் பெற்றவர். அவர் வழியில் வீசி எறிவதும் காலைத் தட்டுவதும் அதிகம். காவ் யிஷெங்கின் கிளையில் வட்டநடையோடு 64 நேர்கோட்டு அசைவுகள் தனியாக உண்டு. அதைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் ஷிங்யி என்றே நினைப்பார்கள்.

யீச்சுவான் இவற்றில் எங்கே வருகிறது?

வாங் சியாங்ஜாய் (1885–1963) ஷிங்யி வழியில் வந்தவர். 1920களில் ஃபார்ம்கள், ஐந்து குத்து, பன்னிரண்டு விலங்கு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, நிற்பதை மையமாக வைத்தார். கைகளை மார்பு உயரத்தில் வளைத்து, பெரிய பந்தை அணைத்திருப்பதுபோல நிற்பது. மனதில் அந்தப் பந்தை லேசாக அழுத்துவது, விரிப்பது. வெளியே அசைவே தெரியாது. பிறகு அதே உணர்வோடு மிக மெதுவாக அசைவது, பாதத்தை உரசி நடப்பது, திடீரென்று விசையை வெளியிடுவது, புஷ் ஹேண்ட்ஸ், கடைசியில் கட்டற்ற மோதல்.

ஜூடோவில் தேர்ந்த கெனிச்சி சவாய் என்ற ஜப்பானியர் வாங்கிடம் கற்று, ஜப்பானில் தாய்கிகென் என்ற பெயரில் அதைத் தொடர்ந்தார். ஏற்கெனவே நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவர்களுக்கு யீச்சுவான் நிறையத் தரும் என்பது என் எண்ணம். எதுவுமே தெரியாமல் நேராக இதற்கு வருகிறவர்கள் நன்றாக நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள், அதைத் தாண்டுவது அரிது.

‘சி’ ஆற்றலை, அதாவது உடம்பில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிராற்றலை, உணராமல் பயிற்சி செய்தால் பலன் உண்டா?

உண்டு. உள்ளங்கை சூடாவது, விரல் நுனி குறுகுறுப்பது எல்லாம் தளர்ந்து நிற்கும்போது பலருக்கும் வரும். வந்தால் வரட்டும், வராவிட்டால் ஒன்றும் குறையில்லை. நல்ல ஆசிரியர் ‘சி வயிற்றுக்குக் கீழே இறங்கட்டும்’ என்று சொன்னால் நெஞ்சை உயர்த்தாதே, தோளை இறக்கு, மூச்சை வயிற்றில் விடு என்பதுதான் நடைமுறையில் நடக்க வேண்டியது. தொடாமலேயே மாணவர்களைத் தூக்கி எறியும் வீடியோக்களில் எறியப்படுவது எப்போதும் சொந்த மாணவர்களே என்பதையும் கவனியுங்கள்.

உண்மையான சண்டைக்கு உதவுமா?

1954 ஜனவரியில் ஹாங்காங் அருகிலுள்ள மக்காவோவில் வூ பிரிவுத் தாய்ச்சியின் வூ கோங்யியும், வெள்ளைக் கொக்கு முறையின் சான் ஹாக்ஃபுவும் நன்கொடை திரட்ட மேடையேறினார்கள். வூவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, சான் இளையவர். மூக்கில் ரத்தம் வழிந்தது, இரண்டாம் சுற்றோடு நிறுத்தி, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்று அறிவித்தார்கள். படப்பதிவு இருக்கிறது. அதில் புஷ் ஹேண்ட்ஸின் நளினத்தைத் தேடினால் கிடைக்காது, இருவரும் கையை வீசி அடித்துக்கொள்கிறார்கள். (அந்தப் பரபரப்பைப் பார்த்துதான் ஹாங்காங் பத்திரிகை ஒன்று வாள்வீரர் தொடர்கதையை உடனே ஆரம்பித்தது. நவீன வூஷியா கதைகளின் பிறப்பு அங்கேதான்.) 2017 ஏப்ரலில் செங்துவில் தாய்ச்சி ஆசிரியர் ஒருவரை எம்எம்ஏ (கலப்புப் போர்க்கலை) வீரர் ஷு சியாவ்டோங் சில நொடிகளில் வீழ்த்திய வீடியோ எல்லோரும் பார்த்ததே.

இரண்டிலும் தெரிவது ஒன்றுதான். எதிர்ப்புக் காட்டும், வரிசை தெரியாத எதிராளியோடு பழகாதவருக்கு எந்தப் பிரிவும் கைகொடுக்காது. இது கராத்தேக்கும் பொருந்தும். பயிற்சிமுறையை வைத்துச் சொன்னால், சண்டைக்குச் சீக்கிரம் உதவக்கூடியது ஷிங்யி. அசைவுகள் குறைவு, எல்லாமே முன்னேறித் தாக்குவது. பாகுவா தாமதமாகவே பலன் தரும். தாய்ச்சியின் புஷ் ஹேண்ட்ஸ் கட்டிப்பிடிக்கும் தூரத்தில் அருமையான பயிற்சி, ஆனால் கைகள் ஒட்டுவதற்கு முன்பே வரும் குத்தை எப்படிக் கடப்பது என்று அது சொல்லித்தராது. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

முழங்கால் வலிக்கிறதே?

மிகப் பலருக்கு இந்தப் பிரச்சினை வருகிறது. தாய்ச்சியில் வழக்கமான காரணம், எடை ஏறிய காலின் பாதம் ஊன்றியிருக்க, இடுப்பைத் திருப்புவதற்குப் பதில் முழங்காலைத் திருப்புவது. முழங்கால் மடங்கி நிமிரும் மூட்டு, திருகுவதற்கு அதில் அதிக இடமில்லை. இன்னொன்று, சக்திக்கு மீறித் தாழ்ந்து நிற்பது. முழங்கால் பாத விரல்களின் திசையிலேயே இருக்கட்டும், உள்ளே சரிய விடாதீர்கள், நிலையை உயர்த்துங்கள். பாகுவாவில் பாதத்தை உள்ளே வளைக்கும் அடியில் இதே ஆபத்து உண்டு. அங்கே காலைத் தொடை மூட்டிலிருந்தே திருப்ப வேண்டும்.

இந்தக் கலைகளில் கால் தசை எரிவது சகஜம். மூட்டு வலிப்பது சகஜமில்லை. ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று சொல்லும் ஆசிரியரை நம்பாதீர்கள், வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

உடல்நலத்துக்கு எது நல்லது?

ஆய்வுகள் அதிகம் நடந்திருப்பது தாய்ச்சியில்தான். 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் பார்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி தந்தார்கள். உடல் நிலைத்தன்மையில் தாய்ச்சிக் குழு, எடைப் பயிற்சிக் குழுவையும் நீட்சிப் பயிற்சிக் குழுவையும் முந்தியது. கீழே விழுவது நீட்சிக் குழுவைவிடக் குறைந்தது, எடைப் பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. வயதானவர்களுக்கு யாங் அல்லது சுன் பிரிவைச் சொல்வேன். சுன் பிரிவின் உயரமான நிலை முழங்காலுக்கு இதம்.

24 அசைவுத் தாய்ச்சி மட்டும் கற்றால் போதாதா?

ஆரோக்கியத்துக்குப் போதும். 1956இல் சீன விளையாட்டு ஆணையம் யாங் பிரிவைச் சுருக்கி, எல்லோரும் கற்கும்படி அமைத்தது அது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் கற்கலாமா?

வேண்டாம். சுன் லுதாங்கையே எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் ஷிங்யியில் ஊறிய பிறகே பாகுவாவுக்குப் போனார், தாய்ச்சிக்கு வந்தபோது ஐம்பதை ஒட்டிய வயது. ஷிங்யியும் பாகுவாவும் நன்றாகச் சேரும், பல பரம்பரைகளில் சேர்த்தே கற்பிக்கிறார்கள். ஆனால் முதல் ஒன்றிரண்டு வருடம் ஒன்றில் நில்லுங்கள். ஊரில் யார் நன்றாகச் சொல்லித்தருகிறாரோ அவர் எதைச் சொல்லித்தருகிறாரோ, அதுவே சரியான தேர்வு. பிரிவுக்குப் பிரிவு இருக்கும் வித்தியாசத்தைவிட ஆசிரியருக்கு ஆசிரியர் இருக்கும் வித்தியாசம் பெரியது.

இதெல்லாம் போதிதர்மர் சொல்லிக்கொடுத்ததுதானே?

தமிழர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் போகாது. காஞ்சியிலிருந்து போனதாகச் சொல்லப்படும் பௌத்தத் துறவி போதிதர்மர் ஷாவ்லினில் போர்க்கலை கற்பித்தார் என்பதற்குப் பழைய ஆதாரம் இல்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. 1930 வாக்கில் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இந்தக் கதையைப் பிரித்துக் காட்டினார். நமக்கு ஆறுதல் என்னவென்றால், சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவிதான் தாய்ச்சியைப் படைத்தார் என்ற சீனர்களின் சொந்தக் கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

வீட்டில் தனியாக ஒரு மணி நேரம் கிடைத்தால் எப்படிச் செலவிடுவது?

எந்தப் பிரிவானாலும் பத்து நிமிடம் மூட்டுகளைத் தளர்த்துங்கள், பத்து நிமிடம் நில்லுங்கள். மீதியை உங்கள் கலையின் அடிப்படை ஒன்றுக்கே கொடுங்கள். தாய்ச்சி என்றால் முழு ஃபார்மையும் இரண்டு முறை செய்துவிட்டு, தடுமாறிய இடத்தை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப. ஷிங்யி என்றால் ஒரே குத்து, பிளக்கும் பியே போதும், மொட்டை மாடியின் நீளத்துக்குப் போய் வாருங்கள். மாடி சின்னதாக இருந்தால் பாகுவாக்காரர்களுக்குக் கவலையே இல்லை. சுண்ணாம்பில் வட்டம் போட்டுக்கொண்டு இரண்டு திசையிலும் சம நேரம் நடக்கலாம், வெறும் சிமென்ட் தரை என்றால் மெல்லிய ரப்பர் அடி வைத்த செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது இன்னொருவரோடு கை கோத்துப் பழகுங்கள், அவர் வேறு கலைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை.